ஃபெட் சிமுலேஷன்கள்: வகுப்பில் எல்லாருக்கும் ஆகுமா?

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதில் எது உருப்படி என்று அறிவியல் ஆசிரியர்களிடம் கேட்டால், முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் ஃபெட் (PhET) வந்துவிடும். திரையில் நாமே நகர்த்தி, மாற்றிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகளை, அதாவது சிமுலேஷன்களை, தரும் தளம் அது. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002-ல் கார்ல் வீமன் தொடங்கிய திட்டம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்திருந்தது. முதலில் இயற்பியல் மட்டும் இருந்தது. இப்போது வேதியியல், உயிரியல், புவி அறிவியல், கணிதம் என்று விரிந்துவிட்டது. காசு கிடையாது. மாணவர் பெயரோ மின்னஞ்சலோ கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் திரை தெரியாதவர், மவுஸ் பிடிக்க முடியாதவர், காது கேளாதவர், ஆங்கிலம் தடுமாறுபவர் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இது எவ்வளவு தூரம் வரும்? சில சிமுலேஷன்கள் கடைசிவரை வரும், பல பாதியில் நின்றுவிடும், சில வாசலையே தாண்டாது. எது எந்த ரகம் என்று தளத்தில் ஒட்டியிருக்கும் முத்திரையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

தளத்தில் அணுகல் வசதி வாரியாகச் சிமுலேஷன்களை வடிகட்டிப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆசிரியர்கள் தவறுவதும் இங்கேதான். வடிகட்டியில் ஒரு குறி விழுந்துவிட்டாலே ‘இது மாற்றுத்திறன் மாணவருக்கும் ஏற்றது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வசதியும் தனித்தனி, ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

மாற்று உள்ளீடு என்றால் மவுஸ் இல்லாமல் விசைப்பலகையால் இயக்கலாம், அவ்வளவுதான். அந்த ஒரு முத்திரையை நம்பிப் பார்வையற்ற மாணவரிடம் கொடுத்தால், டேப் விசையைத் தட்டத் தட்டப் பொத்தான்களின் பெயர் கேட்கும். திரையில் என்ன மாறியது என்று ஒரு வார்த்தை கேட்காது. அவருக்கு வேண்டியது ஊடாடும் விவரிப்பு. ஒவ்வொரு அசைவுக்கும் திரையில் நடந்ததை என்விடிஏ போன்ற திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளுக்கு) சொற்களாக அனுப்பும் வசதி அது. பட்டியலில் உள்ளவற்றில் சிறுபகுதிக்குத்தான் இது இருக்கிறது. ஒலியாக்கம் என்பது மாற்றங்களை ஓசையாகத் தருவது. குரல் வசதி என்பது தொட்ட பொருளைப் பற்றி உலாவியே பேசுவது. படிக்கச் சிரமப்படுபவர்களுக்கும் பார்வை ஓரளவு உள்ளவர்களுக்கும் அது உதவும். திரைவாசிப்பானையும் குரல் வசதியையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் இரண்டு குரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பேசும், எதுவும் புரியாது. ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஜாவா காலத்துச் சிமுலேஷன்கள் எங்காவது கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள். இந்த வசதிகள் எதுவும் அவற்றில் கிடையாது. ஃபிளாஷ் பதிப்புகளின் கதை 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இன்றைய உலாவிகளில் நேரடியாக ஓடும் எச்டிஎம்எல்5-ல் எழுதப்பட்டவை மட்டுமே கணக்கு.

பலூனை வைத்து ஒரு சோதனை

நல்ல சிமுலேஷன் எப்படி இருக்கும் என்று பார்க்க, பலூன்களும் நிலைமின்னும் பற்றியதை எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஒரு ஸ்வெட்டர், நடுவில் மஞ்சள் பலூன், வலப்பக்கம் சுவர். பலூனை ஸ்வெட்டரில் தேய்த்தால் எதிர்மின்னூட்டங்கள் பலூனுக்கு மாறும். சுவரருகே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும்.

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். டேப் அழுத்தினால் எந்தப் பொருள் மேல் இருக்கிறோம் என்று இளஞ்சிவப்புக் கட்டம் காட்டும். பலூன்மேல் வந்ததும் ஸ்பேஸ் அல்லது என்டர் தட்டினால் கைக்கு வரும். அம்புக்குறி விசைகளாலோ டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளாலோ நகர்த்தலாம். ஜே விசையோடு எஸ்-ஐச் சேர்த்து அழுத்தினால் பலூன் நேரே ஸ்வெட்டரருகே தாவும். ஜே, டபிள்யூ என்றால் சுவருக்கு. ஸ்பேஸ் தட்டினால் விட்டுவிடும். இந்தக் குறுக்குவழிகள் எல்லாம் கீழே வலது மூலையில் உள்ள விசைப்பலகைப் படத்துக்குள் இருக்கின்றன. மாணவருக்கு முதலில் காட்ட வேண்டிய பொத்தான் அதுதான்.

இங்கே ஒரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. ஒரே விரலால் அல்லது வாயில் பிடித்த குச்சியால் தட்டுபவர் ஜே-யையும் எஸ்-ஐயும் சேர்த்து அழுத்த முடியாது. கணினியின் ஸ்டிக்கி கீஸ் வசதி காப்பாற்றுமே என்றால், அது ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட் போன்ற விசைகளை மட்டுந்தான் பிடித்து வைக்கும். எழுத்து விசைகளை வைக்காது. ஆக அந்த மாணவருக்குத் தாவல் கிடையாது, அம்புக்குறிதான் வழி. நேரம் இரண்டு மூன்று மடங்கு ஆகும். பயிற்சித்தாளில் ‘ஐந்து முறை செய்து பதிவு செய்க’ என்று போட்டிருந்தால் அவருக்கு இரண்டு முறை என்று முன்கூட்டியே குறைத்துவிடுவது நல்லது. அவர் கற்கும் இயற்பியலில் அதனால் ஒன்றும் குறையப்போவதில்லை.

திரைவாசிப்பானோடு இயக்கும்போது அடிக்கடி வரும் புகார்: ‘அம்புக்குறி அழுத்தினால் பலூன் நகரவில்லை, ஏதோ படித்துக்கொண்டே போகிறது.’ பலரும் சிமுலேஷன் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். என்விடிஏ வாசிப்பு நிலையிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் அழுத்தி நிலையை மாற்றினால் பலூன் நகரும்.

விவரிப்பின் தரம் உண்மையில் மெச்சத்தக்கது. மின்னூட்டங்களை எண்ணிச் சொல்லிக் காதைப் புளிக்க வைக்காமல், ‘கொஞ்சம் கூடுதல்’, ‘கணிசமாகக் கூடுதல்’, ‘மிகவும் கூடுதல்’ என்ற பொருளில் அளவு வார்த்தைகளால் ஒப்பிட்டுச் சொல்கிறது. பார்க்கும் மாணவரும் எண்ணிக்கொண்டா இருக்கிறார்? ‘இங்கே நிறைய, அங்கே குறைவு’ என்றுதான் பார்க்கிறார். அதே அளவு தகவல்தான் காதுக்கும் போகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதை யோசித்து எழுதியவர்களுக்கு ஒரு சபாஷ்.

ஆனால் விவரிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். குரல் வசதியின் பக்கத்திலும் ஆங்கிலம் மட்டும் என்று போட்டிருப்பார்கள். தமிழ்வழி படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு பாடம் படிக்க வேண்டியிருக்கும்: நிலைமின்னும், நிலைமின் பற்றிய ஆங்கிலமும். வகுப்புக்கு முந்தைய நாள் ஆசிரியர் அந்தச் சிமுலேஷனைத் திரைவாசிப்பானோடு ஒருமுறை ஓட்டி, காதில் விழும் முக்கியச் சொற்களைக் குறித்துக்கொண்டு, தமிழ்ப் பொருளோடு பிரெய்லியிலோ ஒலிப்பதிவாகவோ கொடுத்துவிடலாம். இருபது, இருபத்தைந்து சொற்களுக்கு மேல் வராது. அவையே திரும்பத் திரும்ப வரும்.

நிறம் என்னும் பொறி

பலூன் சிமுலேஷனில் மின்னூட்டங்கள் சிவப்பு, நீலம் என்று இருந்தாலும் ஒவ்வொன்றிலும் கூட்டல், கழித்தல் குறி இருக்கிறது. நிறத்தை எடுத்துவிட்டாலும் பொருள் நிற்கும். அணுவைக் கட்டும் சிமுலேஷனில் அப்படியில்லை. புரோட்டான் சிவப்பு உருண்டை, நியூட்ரான் சாம்பல் உருண்டை, அளவு ஏறத்தாழ ஒன்று. கூடையில் கிடக்கும்வரை கூடையின் பெயர் சொல்லிவிடும். எடுத்து உட்கருவில் போட்டதும் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

கணினியிலோ கைபேசியிலோ அணுகல் அமைப்புக்குப் போய்த் திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. உட்கருவில் எத்தனை புரோட்டான் என்று திரையை மட்டும் பார்த்துச் சொல்லத் தடுமாறினால், நிறக்குறை உள்ள மாணவருக்கும் அந்தத் தடுமாற்றம் வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிவப்பு உருண்டைகளை எண்ணுக’ என்று கேட்காதீர்கள். நிறை எண்ணும் மின்னூட்டமும் காட்டும் பெட்டிகளைத் திறந்து வைக்கச் சொல்லி, அவற்றிலிருந்தும் வட்டத்தில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையிலிருந்தும் கணக்கிடச் சொல்லுங்கள். பாடமும் கொஞ்சம் ஆழமாகப் போகும்.

தமிழ்ப் பதிப்பு

பல சிமுலேஷன்களுக்குத் தமிழ் இருக்கிறது. மொழிபெயர்ப்பு தன்னார்வலர்கள் செய்வது, அதனால் தரம் ஒன்றுபோல் இராது. மொழிபெயர்க்காமல் விட்ட இடங்களில் ஆங்கிலம் அப்படியே எட்டிப்பார்க்கும். அதைவிடக் குழப்பம் தருவது சொல்லாட்சி. தமிழ்ப் பாடநூல்கள் எல்லாமே ஒரே கலைச்சொல்லைக் கையாளுவதில்லை. ஒன்றில் எலக்ட்ரான், மற்றொன்றில் இலத்திரன். ஒன்றில் நியூட்ரான், மற்றொன்றில் நியூத்திரன். திரையில் ஒன்றும் புத்தகத்தில் ஒன்றும் இருந்தால், கற்றலில் மெதுவாக வரும் மாணவர் இரண்டும் இரண்டு பொருள் என்று நினைத்துக்கொள்வார். அவர் கேட்கவும் மாட்டார். திரையில் உள்ள சொல்லையும் புத்தகச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கினால் போதும்.

தமிழ் எழுத்து நீளம் கூடியது என்பதால் சில பொத்தான்களில் எழுத்து சுருங்கிப் பொடியாகிவிடும். சிமுலேஷனைப் பெரிதாக்கும் வசதி அப்போது கைகொடுக்கும். கைபேசியை நட்டுக்குத்தாகப் பிடித்தால் படம் நடுவில் ஒரு கீற்றாகத் தெரியும், மேலும் கீழும் வெற்றிடம். படுக்கைவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் தாங்கியோடு கைபேசியைப் பொருத்தியிருப்பவருக்கு அந்தத் திருப்பலே பெரிய வேலை. தாங்கியை முன்பே சரிசெய்து வையுங்கள்.

இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஒவ்வொரு எச்டிஎம்எல்5 சிமுலேஷனையும் ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். உலாவியில் திறந்தால் ஓடும், எதையும் நிறுவ வேண்டாம்.

திரை சொல்லும் பொய்கள்

இணையத்திலிருந்து எடுக்கும் எதையும் சரிபார்த்துத்தான் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாரும் சொல்வோம். யூடியூப் காணொளியைச் சந்தேகப்படுவோம், முகம் தெரியாத வலைப்பக்கத்தைச் சந்தேகப்படுவோம். பல்கலைக்கழக முத்திரையோடு அழகாக ஓடும் சிமுலேஷனைச் சந்தேகப்படத் தோன்றாது. அதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஃபெட் தவறாகச் சொல்கிறது என்பதல்ல இதன் பொருள். எந்த மாதிரியும் ஒன்றைக் காட்டுவதற்காக இன்னொன்றை மறைக்கும். எதை மறைத்தது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேர்மின்னோட்டச் சுற்றுக் கருவியை எடுங்கள். மின்கலம் 9 வோல்ட், மின்தடை 10 ஓம். இணைத்தால் 0.9 ஆம்பியர். கம்பிக்குள் நீல உருண்டைகளாக எலக்ட்ரான்கள் ஓடுவது கண்ணால் தொடரக்கூடிய வேகத்தில் தெரியும். உண்மையில் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 0.9 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரானின் சராசரி நகர்வு நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்கூட இல்லை. 10 சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். அப்படியானால் விளக்கு உடனே எரிவது எப்படி? இந்தக் கேள்வியைச் சிமுலேஷன் எழுப்பாது, ஆசிரியர்தான் எழுப்ப வேண்டும். எழுப்பினால் அந்த வகுப்பிலேயே மிக நல்ல பத்து நிமிடம் அதுவாக இருக்கும்.

இயல்பு நிலையில் அந்த மின்கலத்துக்கு உள்தடை பூஜ்ஜியம். மேம்பட்ட அமைப்பில் போய் உள்தடையைக் கூட்டலாம். இது தெரியாமல் விட்டால், உண்மையான சின்ன மின்கலத்தில் அளக்கும்போது மின்னழுத்தம் குறைவதைப் பார்த்து மாணவர் மீட்டர் கெட்டுவிட்டது என்பார். குறுக்குச்சுற்றில் திரையில் தீ எரியும், மீட்டமை பொத்தானை அழுத்தினால் அணைந்துவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. உண்மைக் கம்பியைத் தொடும் நாளுக்கு முன்னால் அந்தத் தீயைப் பற்றித் தனியாகப் பேசிவிட வேண்டும்.

அணுவிலும் இதே கதை. உட்கருவும் எலக்ட்ரான் வட்டமும் ஒரே திரையில் வசதியாக அடங்கும். கார்பன் உட்கருவை 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரைந்தால் அணு சில நூறு மீட்டருக்குப் பரவ வேண்டும். வட்டப்பாதை, மேகம் என்று இரண்டு காட்சி கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி ‘எது உண்மை?’ என்று கேட்கலாம். இரண்டும் வரைபடம்தான் என்று ஒரு மாணவராவது சொல்லும்வரை காத்திருக்கலாம்.

சிமுலேஷன் செய்முறையைவிடச் சிறந்தது என்று சொல்பவர்கள் 2005-ல் வெளிவந்த ஒரு கொலராடோ ஆய்வைக் காட்டுவார்கள். சுற்றுகளைச் சிமுலேஷனில் பயின்றவர்கள், உண்மைக் கருவியில் பயின்றவர்களைவிடக் கருத்துக் கேள்விகளிலும் உண்மைச் சுற்று கட்டுவதிலும் நன்றாகச் செய்தார்கள் என்பது அதன் முடிவு. ஆய்வு உண்மை. ஆனால் பங்கேற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், தலைப்பு மின்சுற்று, ஆய்வுக் குழு சிமுலேஷனை உருவாக்கியவர்களின் குழு. இதை ஏழாம் வகுப்புக்கும் எல்லாத் தலைப்புக்கும் நீட்டி ஆய்வகத்தைப் பூட்டுவது அந்த ஆய்வுக்கே செய்யும் அநியாயம்.

பயிற்சித்தாள்கள்

ஆசிரியராகப் பதிவு செய்தால் பிற ஆசிரியர்கள் ஏற்றிய பயிற்சித்தாள்கள் கிடைக்கும். தளத்தின் பலவீனமான பகுதி இது. சிமுலேஷன் பலமுறை சோதித்து வெளியிடப்படுவது. பயிற்சித்தாளோ யாரோ ஒருவர் தன் வகுப்புக்காக எழுதியது. சிலவற்றில் உள்ள படம் பழைய பதிப்பினுடையது, சொல்லும் பொத்தான் இப்போது அங்கே இருக்காது. தளத்தின் வழிகாட்டுதலுக்குப் பொருந்தியவற்றுக்கு நட்சத்திரம் இடுகிறார்கள், அங்கிருந்து தொடங்குவது நல்லது.

பிடிஎஃப் கோப்பு என்றால் திறந்ததும் ஒரு வரியைக் கர்சரால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். திரைவாசிப்பான் அதில் ஒன்றும் படிக்காது. தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். பிரபலமான தாள்களின் விடைகள் இணையத்தில் பகிரப்பட்டுக் கிடக்கின்றன என்பதால் அவற்றுக்கு மதிப்பெண் போடுவதில் அர்த்தமில்லை.

‘படி 1: வழுக்கியை 5-க்கு நகர்த்துக. படி 2: 10-க்கு நகர்த்துக’ என்று போகும் சமையல் குறிப்புத் தாள்களைத் தவிர்த்துவிடுங்கள். படிப்பதில் சிரமமுள்ள மாணவர் பதினெட்டுப் படிகளையும் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ‘பலூனைச் சுவரில் ஒட்டவைக்க வழி கண்டுபிடியுங்கள். ஒட்டாமல் போக என்ன செய்ய வேண்டும்?’ இரண்டே வரி. முதல் ஐந்து நிமிடம் எதுவும் சொல்லாமல் நோண்ட விடுங்கள். பின்னால் இருபது நிமிடம் இந்தக் கேள்வி. விடையை எழுதலாம், வாயால் சொல்லலாம், திரையில் செய்து காட்டலாம், மூன்றும் செல்லும்.

வகுப்பறையில்

விகிதம் பற்றிய சிமுலேஷனில் திரையில் உள்ள இரண்டு கைகளை ஒரே நேரத்தில் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். விகிதம் நெருங்க நெருங்க ஒலி மாறும். ஒரு கையால் மட்டும் இயக்கும் மாணவருக்கு இருவராகச் சேர்ந்து ஆளுக்கொரு கை என்று பிரித்துக் கொடுத்தால், ‘நீ எவ்வளவு நகர்த்தினாய், நான் எவ்வளவு நகர்த்த வேண்டும்’ என்ற பேச்சு தானாக வரும். விகிதம் என்பதே அந்தப் பேச்சுதான். தனியாகச் செய்பவர்களைவிட இந்த இருவர் முந்திக்கொண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பத்துப் பதினைந்து கருவிகள் ஒரே அறையில் ஓசை எழுப்பினால் சந்தை. ஒலியாக்கம் தேவைப்படுபவருக்கு இயர்போன் கட்டாயம், ஆனால் ஒரு காதில் மட்டும் போதும். இரண்டையும் அடைத்துவிட்டால் அவர் வகுப்பிலிருந்தே வெளியே போய்விடுகிறார். மற்ற கருவிகளில் ஒலியை அணைத்துவிடலாம்.

காது கேளாத மாணவருக்குச் சிமுலேஷன் பொதுவாக நல்ல நண்பன். திரையில் எல்லாம் தெரிகிறது. தடுமாற்றம் ஆசிரியரிடமிருந்து வருகிறது. பெரிய திரையில் பலூனை நகர்த்திக்கொண்டே ‘இப்போது பாருங்கள், இது ஏன் விலகுகிறது என்றால்…’ என்று பேசிக்கொண்டு போவோம். அந்த மாணவர் திரையைப் பார்ப்பதா, சைகை மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பதா? ஒன்றைப் பார்த்தால் மற்றது போய்விடும். முதலில் பேசாமல் செய்து காட்டி நிறுத்துங்கள். பத்து நொடி விடுங்கள். திரையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் பக்கம் எல்லார் கண்ணும் வந்த பிறகு விளக்கத்தைத் தொடங்குங்கள்.